பின்பக்கத்து ஸ்பீக்கர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அது போக, நீ சமையலறையில் நின்று கிசுகிசுப்பதும், கூடத்திலிருந்து அப்பா, "அவன்கிட்ட என்னைப் பத்தி என்ன பேச்சு?" என்று குரல் கொடுப்பதும் எனக்குச் சலித்துவிட்டது. அவர் காதுக்குத் தப்பி அந்த வீட்டில் ஓர் எறும்புகூட நடக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். உன் மருந்துக்கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன். நீயும் அங்கிருந்தே பதில் போடு.

விஷயம் இதுதான். என் பின்னறை எனக்கு வேண்டும். வந்து தங்குவதற்கு இல்லை, பயப்படாதே. அதை ஹோம் தியேட்டராக மாற்றப் போகிறேன்.

மூன்று வருஷம் முன்னால் நான் கேமராமேனாக வேலை செய்த முதல் படத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாதிப் படத்தில் எழுந்து போனவர், தியேட்டர் வாசல் படியில் நின்று அத்தனை பேர் முன்னால், "ஒரே இருட்டு. இதுக்குப் பேரு படமா?" என்று கத்தினார். கேமராமேனிடம் அப்படிச் சொல்வதும், சமைத்தவளிடம் சோற்றில் மண் என்று சொல்வதும் ஒன்றுதான். அன்று மூட்டை கட்டியவன்தான், இன்னும் திரும்பவில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தேன் அக்கா. அந்தத் தியேட்டர் ஒரு பழைய கொட்டகை. புரொஜெக்டர் விளக்கு தேய்ந்து அணையும்வரை மாற்ற மாட்டார்கள். மங்கலாக எடுத்த காட்சி அங்கே தார் பூசிய மாதிரிதான் தெரிந்திருக்கும். தப்பு அப்பாவிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, அந்த விளக்கில்தான் என்று இப்போது நம்புகிறேன். அதே படத்தை, நல்ல அறையில், நல்ல திரையில் அவர் ஒரே ஒரு தடவை பார்க்கட்டும். பார்த்துவிட்டு அப்போதும் மோசம் என்று சொன்னால் வாயை மூடிக்கொள்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர் வந்து எல்லாவற்றையும் பொருத்துவார். அதற்கு முன் நீ பெயின்டரைப் பிடி. சுவர் முழுக்க அடர்ந்த சாம்பல், கூரை கறுப்பு. வெள்ளைச் சுவர் இருந்தால் திரையின் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து படத்தை வெளிற வைத்துவிடும். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்துவிடு. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது. தரைக்குக் கெட்டியான கம்பளம் போடு, நிறம் உன் இஷ்டம். சோபா நான் அனுப்புகிறேன். சாய்ந்துகொள்ளலாம், சுழலவும் செய்யும்.

என் படம்தான் என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லாதே.

தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

கடிதத்தைப் பார்த்த கடை முதலாளி, "காதல் கடிதமா?" என்றார். இந்த வயதில் வந்தால் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன் என்றேன். உறையைக் கிழித்தால் பெயின்ட் கணக்கு!

நீ வர மாட்டாய், உன் பெட்டிகள் மட்டும் வரும். கூடத்தில் நடக்க இடமில்லை. அப்பா இரண்டு தடவை அவற்றில் இடித்துக்கொண்டார். இரண்டு தடவையும் என்னைத்தான் திட்டினார், பெட்டியை அனுப்பியவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உனக்கு எப்போதும் அந்த அதிர்ஷ்டம் உண்டு.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ போன பிறகு அந்தப் பின்னறை அப்பாவுடையதாகிவிட்டது. காலையில் அந்த ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்காருவார். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான். பலகை அடித்த அன்று வாசலில் நின்று ஆணி அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "என் இடத்தையும் அடைச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். "சினிமா பார்க்கலாம்பா, பெரிசா தெரியும்" என்றேன். "சரி" என்றார். இப்போது வெளிவாசலில் காயப்போட்ட துணி மாதிரி வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் நீ முதல் தடவையாக ஒன்று கேட்டிருக்கிறாய் என்று செய்தேன்.

அடுத்தது பெயின்ட். பெயின்டர் ஒரு சுவரை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அப்பா உள்ளே போயிருக்கிறார். கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஈரச் சுவரில் கையை வைத்து இழுத்துக்கொண்டே நடந்திருக்கிறார்! பெயின்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா உள்ளங்கை முழுக்கச் சாம்பல் நிறத்தோடு நின்று, "ஈரம்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்று எங்கள் மேல் பாய்ந்தார். உன்மேல் உள்ள கோபத்தைச் சுவரில் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் போட்டுக் கையைத் துடைத்துவிட்டேன். "கலர் எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பேப்பர் வேண்டாம், எல்லாம் பொய்ச் செய்தி என்று நிறுத்திவிட்டார். நான் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருகிறேன். பகல் முழுக்க அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பளம் அடர்ந்த சிவப்பில் வாங்கினேன். அது ஒன்றுதான் அந்த அறையில் மனுஷர் வாழும் அடையாளம். மற்றபடி கரிச்சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கைத்தடத்தின்மேல் இன்னொரு கோட் அடிக்கச் சொல். திட்டுத் திட்டாக விட்டுவிடாதே, படம் ஓடும்போது உறுத்தும்.

ஜன்னல் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு அறையைக் கேட்டிருப்பேனா என்று கேட்காதே, பதில் எனக்கே தெரியவில்லை. படம் முடியட்டும், பலகையைக் கழற்றிவிடலாம்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவர் எந்த இடத்தில் எழுந்து போனார் தெரியுமா? அந்தப் படத்தில் ஒரு வீட்டில் கரண்ட் போகும். திரை முழுக்க இருட்டு. உள்ளே ஒரு குழந்தை அழும். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு வரும் சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறக்கும். மெழுகுவத்தியோடு ஒரு மனிதர் வருவார். அந்த வெளிச்சத்தில்தான் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்ப்போம்.

அது யார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் வீட்டில் கரண்ட் போனால் நாம் இரண்டு பேரும் கட்டிலில் ஒட்டிக்கொண்டு கிடப்போமே. அப்பா சுவரைத் தடவிக்கொண்டே, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு வருவாரே. டைரக்டரிடம் அந்தக் காட்சிக்காக மன்றாடினேன். வேறு விளக்கே வைக்காமல் ஒரே ஒரு மெழுகுவத்தியில் எடுத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கதவு திறப்பதற்குள் அவர் என் காலை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே ஓட்டுநர் வேலையையும் விட்டாரே. வண்டிச் சாவியைக் கம்பெனி மேஜையில் வைத்துவிட்டு வந்தார் என்று நீ சொன்னாய். அதுவும் என்மேல் உள்ள கோபம்தான் என்று எனக்குத் தோன்றியது. அவ்வளவு வெறுக்க நான் என்ன செய்தேன் அக்கா?

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

நீ அனுப்பிய ஆள் வாய் ஓயாதவர். வேலை சுத்தம். திரையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார், புரொஜெக்டரைக் கூரையில் தொங்கவிட்டார், ஒயரெல்லாம் சுவருக்குள் போய்விட்டது. மூலைக்கு ஒரு ஸ்பீக்கர், திரைக்குக் கீழே பேச்சுக் குரலுக்கென்று ஒன்று. தரை ஓரமாகச் சின்ன விளக்குகூட வைத்தார். "உட்காருங்க பெரியவரே, நீங்கதான் முதல் டிக்கெட்" என்று அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து சுழல் சோபாவில் உட்கார வைத்தார். சோதித்துப் பார்க்க ஏதோ ஒரு படத்தைப் போட்டார். இரண்டு பேர் கடற்கரையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒயரில் எங்கேயோ மாற்றிச் செருகிவிட்டார். திரைக்குக் கீழே வரவேண்டிய குரல் பின்பக்கத்து ஸ்பீக்கரில் வந்தது. "அட, தலைகீழா போச்சே" என்று சிரித்துக்கொண்டே பெட்டிக்குப் பின்னால் குனிந்தார்.

அப்பா மெதுவாகச் சோபாவைத் திருப்பினார். குரல் வந்த பக்கம் திருப்பினார். திரைக்கு முதுகைக் காட்டி, சாம்பல் சுவரைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படிப்பா இருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நல்லாத் தெரியுது" என்றார்.

நிமிர்ந்த ஒயர்க்காரரின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. என்னைப் பார்த்தார். பிறகு ஒயரை மாற்றிச் செருகினார். குரல் முன்பக்கம் போனதும் அப்பாவும் சோபாவைத் திருப்பிக்கொண்டு முன்பக்கம் வந்தார். "ரெண்டு பக்கமும் படம் வருமா இதுல?" என்று கேட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

உனக்கு எப்போதும் அப்பாமேல் இரக்கம். எனக்கு அவரைத் தெரியும். பெட்டிகள் யாரிடமிருந்து வந்தன என்று தெரியாத அளவுக்கு அவர் அசடா? முதலில் என் படத்துக்கு எழுந்து போனார். இப்போது என் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். 'ரெண்டு பக்கமும் படம் வருமா' என்பது கிண்டல் அக்கா. உனக்குத்தான் புரியவில்லை.

இதற்காகவா நான் இத்தனை ராத்திரி உட்கார்ந்து அந்த அறையின் அளவைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன்? திரையைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடு. வேண்டாம், போதும்.

தம்பி


மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிண்டலாம்! கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது. ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வருமாம். முதலில் மங்கலான இடத்தில்தான் தடுமாற்றம் தெரியுமாம். இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கொஞ்சம் புரிகிறதாம். அதற்காகத்தான் அந்த ஜன்னல் ஓரம். அதைத்தான் நாம் பலகை வைத்து அடைத்தோம். சுவரில் கை வைத்து நடந்ததும் அதனால்தான்.

"மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தா இருக்கிறதையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து எங்கள் கடையில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. தினம் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். வீட்டில் இருந்த அப்பாவை நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அப்பாவாகவே சொன்னார். அன்று தியேட்டரில் திடீரென்று எல்லாம் கறுத்துவிட்டதாம். கொஞ்ச நாளாகவே சாயங்காலத்தில் வண்டி ஓட்டத் தடுமாறிக்கொண்டிருந்தாராம். கண் மொத்தமாகப் போய்விட்டது என்று பயந்து எழுந்து ஓடியிருக்கிறார். படி தெரியாமல் தடுக்கி, நாலு பேர் பார்த்துவிட்ட அவமானத்தில் உன்னிடம் கத்தியிருக்கிறார். "வண்டியில அத்தனை பேர் ஏறுவாங்கம்மா. அதான் சாவியைக் கொடுத்துட்டேன்" என்றார்.

"எங்ககிட்ட ஏன்பா சொல்லலை?" என்று கேட்டேன். "அவன் அப்பதான் தலையெடுக்கிறான். சொன்னா கேமராவை மூட்டை கட்டி வெச்சிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டு இங்கேயே உட்காந்துடுவான். கோச்சுக்கிட்டுப் போனா போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

உன்னிடம் சொல்லவே கூடாது என்று என் கையில் சத்தியம் வாங்கினார். ஆனால் மறுபடி டாக்டரிடம் போனபோது, இது பரம்பரையாக வரும், பிள்ளைகளும் கண்ணைக் காட்டியாக வேண்டும் என்றார். அப்பா அங்கேயே என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அவனுக்குக் கண்ணுதானேம்மா பொழைப்பு. எழுது, இன்னிக்கே எழுது" என்றார். எனக்குப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை.

கோபத்தை எங்கேயாவது வைத்துவிட்டு முதலில் போய்க் கண்ணைக் காட்டு.

அக்கா


ஏப்ரல் 15

தம்பிக்கு,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அப்பா தினமும் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "எழுதினானா?" என்கிறார். கண்ணைக் காட்டினாயா இல்லையா, அதை மட்டுமாவது சொல்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவே, "அவன் படத்தைப் போடு" என்றார். அது உன் படம்தான் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரியும். உன் பெட்டிகளை ஆட்கள் இறக்கும்போது உன் பெயரைச் சத்தமாகப் படித்தார்களாம். அவர் காதைப் பற்றி உனக்கா சொல்ல வேண்டும்?

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கு அது வரவில்லை. "ஒரு தெரு வருதுப்பா, ஒரு அம்மா வர்றாங்க" என்று ஏலம் விடுகிறவள் மாதிரி கத்திக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. குழந்தை அழுகிற சத்தம்.

"இப்ப என்ன?" என்றார்.

"இருட்டா இருக்குப்பா."

"எனக்காகச் சொல்றியா?"

"நிஜமாத்தான்பா. எனக்கும் ஒண்ணும் தெரியலை."

"அன்னிக்கும் இப்படித்தான் இருந்துதா? எல்லாருக்குமா?" என்றார்.

"எல்லாருக்கும்தான்பா. அவன் அப்படித்தான் எடுத்திருக்கான்."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அன்னிக்கு எனக்கும் எல்லாரையும் மாதிரிதான் தெரிஞ்சிருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் சந்தோஷமாக இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

பிறகு கதவு திறந்தது. சுவரில் கை உரசும் சத்தம் நின்றது. அப்பா சோபாவின் நுனிக்கு வந்து முகத்தைத் திரைக்கு நேராக நீட்டினார். மெழுகுவத்தி வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கண்ணை இடுக்கி, அகலமாகத் திறந்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நான் காத்துக்கொண்டிருந்தேன். 'நல்லாத் தெரியுது' என்று சொல்வார் என்றே நினைத்தேன்.

"எனக்குத் தெரியலைம்மா. யாரு வர்றது? நீ சொல்லு" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அப்போதுதான். படத்தை நிறுத்திவிட்டேன். "தம்பி வந்து சொல்லுவான்பா" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து கேட்கவில்லை.

மறுநாள் ஜன்னல் பலகையை நானே பிடுங்கிவிட்டேன். ஆணியில் கை கிழிந்துவிட்டது. அப்பா பழையபடி அங்கே உட்காருகிறார். இரண்டாவது கோட் அடித்தும் அந்தச் சுவரில் அவர் கைத்தடம் வெயில் படும்போது தெரிகிறது.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள். எல்லாம் கலங்கித் தெரிகிறது.

உன் முந்தின கடிதம் வந்ததிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. கேமராவில் கண்ணை வைத்தால் தியேட்டர் படிதான் வருகிறது. கண்ணாஸ்பத்திரிக்கும் போகவில்லை, பயம்தான். அப்பா மூன்று வருஷம் எப்படிப் பேசாமல் இருந்தார் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நேற்று நீ எழுதியது வந்தது. இன்று போய்விட்டேன்.

எனக்கும் ஆரம்பித்திருக்கிறது. 'எனக்கு ஒன்றுமில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிடு' என்று இங்கே ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன், பார், அந்தக் கறுப்புப் பட்டைதான். அவர் மகன் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நானே வந்து நேரில் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறேன். நம் வீட்டில் இனிமேல் யாரும் நல்லாத் தெரியுது என்று சொல்ல வேண்டாம்.

திரையை அப்படியே விட்டுவை. அதே இடத்திலிருந்து படத்தைப் போடுவோம். மெழுகுவத்தியோடு வருவது யார் என்று நான் சொல்ல வேண்டும். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஜன்னலைத் திறந்துவைத்தால் படம் வெளிறிப் போகும், பரவாயில்லை.

டாக்டர் நல்ல மனிதர். சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இதற்குமேல் போகாமல் நிறுத்திவிடலாம் என்றார். முதுகில் தட்டி, "சீக்கிரமே வந்துட்டீங்க, அதான் தப்பிச்சீங்க" என்றார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவும் சீக்கிரமே சொன்னார் அக்கா. ஒரே இருட்டு என்று, அந்தப் படியில் நின்று, என்னிடம்தான் சொன்னார்.

தம்பி